பிராடோ முனகும், டிஸ்கவரி குந்திவிடும்

லான்ட் ரோவர் டிஸ்கவரி 4, டொயோட்டா பிராடோ 150 இரண்டும் 2009 இல் வெளிவந்தவை. பாவித்த வாகனமாகத் தேடினால், அதே வருட பிராடோவை விட டிஸ்கவரியைக் குறைந்த காசுக்குப் பேசி முடிக்கலாம். ஏறி உட்கார்ந்து பார்த்தால் மனம் இன்னும் தடுமாறும். டிஸ்கவரியில் தோல் இருக்கை, தலைக்கு மேல் கண்ணாடி, மூன்றாம் வரிசையிலும் வளர்ந்த ஆள் வசதியாக இருக்கலாம். பிராடோவுக்குள் ஏறினால் நல்ல வேன் ஒன்றுக்குள் ஏறிய மாதிரித்தான். நான் எடுத்தது பிராடோ, 2.7 பெற்றோல். இந்த அலசல் முழுக்க அந்தச் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொகுசு, இழுவை, சத்தமில்லாத ஓட்டம் மூன்றிலும் டிஸ்கவரிக்குத்தான் வெற்றி, அதில் வாதமே இல்லை. காடு மேடு ஏறுவதில் இரண்டும் சளைத்தவை அல்ல. மாரி வெள்ளத்தில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு தண்ணீரில் இறக்கலாம் என்பது. இரண்டு கம்பனியும் சொல்லும் அளவு ஒன்றுதான், 700 மில்லிமீற்றர். பாணமையிலிருந்து ஒகந்தை, குமனைப் பக்கம் போகும் மணல் பாதைக்கும் இரண்டுமே போதும். போவதில் பிரச்சினை இல்லை. போய் வந்த பிறகு எதை, எங்கே, யார் கழற்றிப் பூட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கால்களைப் பார்ப்போம். பெரும்பாலான டிஸ்கவரி 4 நான்கு சக்கரத்திலும் காற்றுப் பையில் நிற்கிறது. ஷொக்கை, அதாவது குலுக்கத்தை அடக்கும் தண்டை, சுற்றி மடிந்திருக்கும் றப்பர் குழாய்தான் அந்தப் பை. வாகனம் ஏறி இறங்கும்போது மடிப்பு உருண்டு கொடுக்கும். தூசி உறை கிழிந்து மணல் உள்ளே போனால் மடிப்பில் உரசும். வருடங்கள் போகப் போக றப்பர் வெடித்து மயிரிழை ஓட்டை விழும். ஓட்டை சிறிதாக இருக்கும்வரை ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கசிந்த காற்றைக் கொம்ப்ரசர் நிரப்பிக்கொண்டே இருக்கும். விடாமல் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் அல்ல அது. பிஸ்டன் றிங் தேயும், சூடேறும், நிரப்பும் நேரம் நீளும். ஒருநாள் கணினி அதை நிறுத்திவிடும். இரண்டரைத் தொன்னுக்கு மேலான அந்தச் சரீரம் மெல்ல இறங்கிக் கீழ்க்கட்டைகளின் மேல் குந்திவிடும். அப்படியே ஓட்டினால் சக்கரம் வளைவில் உரசும், குழியில் இறங்கினால் இடுப்பு உடைகிற மாதிரி அடிக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால். லொறியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

கடற்கரைக் காற்று இந்த அமைப்புக்கு இன்னொரு எதிரி. கொம்ப்ரசருக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிறைத்த ஒரு கூடு இருக்கிறது. ஈரம் குடித்துக் குடித்து மணிகள் பொடியாகும். அந்த வெள்ளைத் தூள் குழாய் வழியே வால்வுப் பெட்டிக்குள் போய் வால்வு அமரும் இடத்தில் ஒட்டினால், வால்வு முழுதாக மூடாது. புதுக் கொம்ப்ரசர் போட்ட பிறகும் இறங்குகிறது என்று திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இந்தத் தூள்தான். பழைய வண்டிகளில் ஹிட்டாச்சி கொம்ப்ரசர் இருக்கும். அதற்குப் பதிலாகப் பின்னர் வந்தது ஏஎம்கே. அதைப் பொருத்தினால் கணினியிலும் மென்பொருள் மாற்ற வேண்டும், பூட்டி மட்டும் விட்டால் வேலை செய்யாது. எஞ்சின் பக்கத்துப் பெட்டியிலுள்ள கொம்ப்ரசர் ரிலேயையும் கூடவே மாற்றுங்கள். அது ஒட்டிக்கொண்டால் கொம்ப்ரசர் நிற்காமல் ஓடிப் புதியதும் கருகும். சில்லறைக் காசுச் சாமான் அது.

கசிவைப் பிடிப்பது சிரமமில்லை. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை உயரத்தை அளந்து எழுதுங்கள். சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இரவு முழுக்க விட்டுக் காலையில் திரும்ப அளக்க வேண்டும். ஃபியூஸைக் கழற்றாவிட்டால் வண்டி நிறுத்திய பிறகும் தானே விழித்து, தாழ்ந்த மூலைக்கு மற்ற மூலைகளையும் இறக்கிச் சமமாக்கிவிடும், எந்தக் கால் நோயாளி என்று தெரியாது. ஒரு மூலை மட்டும் பத்து மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பை அல்லது அதன் குழாய் மூட்டு. முன்னிரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வுப் பெட்டியைப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீர் அடித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆனால் பையை மாற்றிய பிறகு உயரத்தைத் திருத்தி எழுத லான்ட் ரோவருக்குரிய கருவி வேண்டும். சாதாரண ஸ்கேனர் கணினியின் அந்தப் பகுதிக்குள் போகாது. காற்றைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் போடும் தொகுதிகளும் கிடைக்கின்றன. போட்டால் உயர்த்தும் வசதி போய்விடும், அதோடு அந்த வாகனத்தை வாங்கிய காரணத்தில் பாதியும் போய்விடும். கொப்பி, அதாவது வேறு கம்பனி செய்த, பைகள் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் கிடைக்கும். அவை எத்தனை வருடம் தாங்கும் என்பதில் ஆளுக்கொரு கதை, அதனால் வருடக் கணக்குச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

பிராடோவுக்கு வருவோம். டிஎக்ஸ், டிஎக்ஸ்-எல் வகைகளில் நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். ஷொக் பலவீனமானால் குதிக்கும், ஒயில் வழியும், மூட்டுகளில் இருக்கும் றப்பர் புஷ் தேய்ந்தால் குழியில் 'டொக் டொக்' என்னும். மாதக்கணக்காக முனகிக்கொண்டே ஓடும், நீங்கள் காசு சேர்க்கும்வரை பொறுத்திருக்கும். முன் ஷொக்கை மாற்ற ஸ்பிரிங் அமுக்கியும் சாவிகளும் தெரிந்த கையும் போதும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ காலையில் விட்டால் பின்னேரம் எடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஜப்பானிலிருந்து வந்த டிஇசட்-ஜி வகையில் பின்பக்கம் காற்றுப் பையும் மின்சார ஷொக்கும் உண்டு. விற்பவர் அதை 'ஃபுல் ஒப்ஷன்' என்று பெருமையாகச் சொல்வார். அப்படிச் சொன்னால் பின் சக்கரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பிராடோவும் மாசற்றது அல்ல. முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலுள்ள அலைன்மென்ட் போல்ட்டுகள் உப்புக் காற்றில் புஷ்ஷின் இரும்புக் குழலோடு ஒட்டிப்போகும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். டிஸ்கவரியிலும் இதே நோய் உண்டு, அங்கே கை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். எதில் புஷ் போட்டாலும் போல்ட்டுக்குத் துருத்தடுப்புப் பசை பூசச் சொல்லுங்கள். கடைசி இறுக்கத்தை வாகனம் சக்கரத்தில் நிற்கும்போது கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். நம் பக்கத்தில் புதுப் புஷ் ஒரு வருடத்தில் போவதற்குப் பொருளை விட இந்த அவசரம்தான் பெரும்பாலும் காரணம்.

பிராடோவில் பிரேக் பிடித்து நிற்கும்போது முதுகில் யாரோ தட்டுகிற மாதிரி ஒரு உதை வந்தால் கியர்பொக்ஸ் என்று பயப்பட வேண்டாம். புறொப்பெல்லர் ஷாஃப்டின் நீளும் மூட்டில் கிரீஸ் வற்றியிருக்கும். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள், வெள்ளத்தில் இறக்கினால் அந்த வாரமே. டிஃபரென்ஷல் ஒயிலையும் திறந்து பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. லோ கியரையும் நடு டிஃபரென்ஷலைப் பூட்டும் லொக்கையும் மாதம் ஒருமுறை மணலில் போட்டு எடுக்காவிட்டால் அதைத் தள்ளும் மோட்டர் துருப்பிடித்து இறுகிவிடும். பாசிக்குடாக் கரையில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் அடியை, முக்கியமாகச் சசிச் சட்டத்தின் துளைகளுக்குள், கழுவ வேண்டும். துருவின் மேல் கறுப்புத் தார் அடிப்பது புண்ணைத் துணியால் மூடுகிற வேலை, உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

எஞ்சினில் 'வேன் மாதிரி' என்ற குறை நிறையாக மாறுகிறது. பிராடோவின் 3.0 டீசல், அதாவது 1கேடி, கேடிஎச் என்று நாம் சொல்லும் ஹையேஸ் வேனில் ஓடும் அதே எஞ்சின். 2.7 பெற்றோலும் ஹையேஸ் வேனில் உண்டு. காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை எந்த டவுனில் நின்றாலும் கேடிஎச் பிரித்துப் பூட்டிய கை ஒன்று இருக்கும். டிஸ்கவரியின் 3.0 வி6 டீசலுக்கு இங்கே அப்படி ஒரு சொந்தக்காரன் கிடையாது, ரேஞ்ச் ரோவருக்கும் ஜாகுவாருக்கும்தான் அது உறவு. அந்த எஞ்சினின் பேர்போன கேடு பெயாரிங் சுழன்று கிராங்க் ஷாஃப்ட் முறிவது. எல்லாவற்றுக்கும் வராது, ஆனால் வந்தால் எஞ்சினே போச்சு. ஏழெட்டாயிரம் கிலோமீற்றரில் ஒயில் மாற்றுவது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. டர்போவைத் தொட வேண்டுமென்றால் பல கராஜ்கள் மேல் உடலையே சட்டத்திலிருந்து தூக்கிவிடும். டைமிங் பெல்ட்டும் முன்னால் ஒன்று, டீசல் பம்புக்கென்று எஞ்சினின் பின்னால் ஒன்று. முன்னதை மட்டும் மாற்றிவிட்டு 'பெல்ட் மாற்றியாச்சு' என்று விற்பவர்களும் உண்டு.

1கேடியில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த புகை ஒயிலோடு கலந்து கரியாகி, ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒயில் விளக்கு எரியும்போது நேரம் கடந்திருக்கும். ஸ்கேனரில் ஐட்லிங் திருத்த அளவு எந்தச் சிலிண்டரிலாவது 3 ஐத் தாண்டினால், கூட்டலோ கழித்தலோ, சந்தேகப்படுங்கள். ஒயில் தட்டைக் கழற்றி வலையைப் பார்ப்பது அரைநாள் வேலை. 2015 க்குப் பின் வந்த 2.8 டீசலில் செயின், ஆனால் புகை வடிகட்டி உண்டு, ஜப்பான் வண்டிகளில் யூரியாத் தொட்டியும் சேரும். மட்டக்களப்பு டவுனுக்கும் காத்தான்குடிக்கும் இடையே மட்டும் ஓடினால் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்காது. சுப்பர் டீசல் அடித்து, கிழமைக்கு ஒருமுறையாவது வாழைச்சேனைப் பக்கம் ஒரே சீராக ஓட்டி வருகிறவருக்குத்தான் அது சரி. யூரியா தீர்ந்தால் அணைத்த எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

அதனால்தான் 2.7 பெற்றோல். டர்போ இல்லை, வடிகட்டி இல்லை, செயின் டைமிங், 92 ஒக்டேன் போதும். குறை இரண்டு. மகியங்கனைப் பதினெட்டு வளைவில் ஏழு பேரோடு ஏறினால் மூச்சு வாங்கும். மட்டக்களப்பும் அம்பாறைக் கரையும் சமதரை என்பதால் வருடத்தில் சில நாள்தான் அது உறுத்தும். மற்றது தாகம். லீற்றருக்கு 7 கிலோமீற்றர் என்று வைத்தால் வருடம் 15,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2,140 லீற்றர். டிஸ்கவரி டீசல் 10 கொடுத்தால் 1,500 லீற்றர். வித்தியாசம் 640 லீற்றர். இன்றைய விலையைப் போட்டுப் பெருக்கி, ஒரு ஏஎம்கே கொம்ப்ரசரும் இரண்டு முன் பையும் என்ன விலை என்று கேட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லொறிக்கூலியையும், வாகனம் கொழும்பில் கிடக்கும் நாள்களில் பிடிக்கும் வாடகை வேனையும் மறக்க வேண்டாம். யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்பது இரண்டிலும் உண்மை. ஒன்று தினம் கொஞ்சம் தின்னும், மற்றது சும்மா நின்றுவிட்டு ஒரே நாளில் களஞ்சியத்தைக் காலி பண்ணும்.

மிட்சுபிஷி மொன்டேரோவைப் பற்றியும் கேட்பார்கள். 3.2 டீசல் உழைப்பாளி, டீசல் பம்பின் சக்ஷன் வால்வும், விலை கூடிய பிரேக் பூஸ்டர் பம்பும் அதன் பலவீனங்கள். 2021 இல் உற்பத்தி நின்றாலும் சாமானுக்குத் தட்டுப்பாடில்லை. பிராடோ கைக்கு எட்டாவிட்டால் தயங்காமல் எடுக்கலாம். லான்ட் ரோவரின் புதிய டிஃபெண்டர் 900 மில்லிமீற்றர் வரை தண்ணீரில் இறங்கும், நல்ல வாகனம்தான். ஆனால் இந்த ஊர் உப்பில் அதற்கு இன்னும் வயதாகவில்லை, பத்து வருடம் கழித்துப் பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்கவரிதான் மனதில் நிற்கிறதென்றால் சரி, பார்த்து எடுங்கள். இரண்டு பெல்ட்டும் மாற்றிய ரசீது, ஒயில் மாற்றிய பதிவு, ஏஎம்கே கொம்ப்ரசர், கைக்குள் ஒரு லான்ட் ரோவர் கருவி. பற்றரியை முதலில் சோதியுங்கள். வோல்ட் குறைந்தால் இந்த வாகனம் சம்பந்தமில்லாத பத்துக் குற்றங்களைச் சொல்லும், அதை நம்பி சென்சர் மாற்றியவர்கள் உண்டு. சேற்றில் இறக்கிய பிறகு பின் டிரம்முக்குள் இருக்கும் ஹான்ட் பிரேக் கட்டைகளைக் கழுவிச் சரிசெய்ய வேண்டும், விட்டால் கிறீச்சிட்டு மோட்டரைத் தின்னும். அறுவடைக் காலத்தில் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிறவர்கள் வாகனத்தை அதற்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். எலிக்கு டிஸ்கவரியின் வயரும் பிராடோவின் வயரும் ஒன்றுதான், டிஸ்கவரியில் வயர் கொஞ்சம் அதிகம். விற்பவர் ஃபியூஸைக் கழற்றி ஒரு இரவு நிறுத்தி அளக்க விடமாட்டேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.