தாமதத்தை முதல் வரியில் சொல்லப் பழகுதல்: நாகர்கோவில் பயிற்சிப் பட்டறை ஒன்றைப் பற்றி

நாகர்கோவிலில் இருந்தபடியே ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் மென்பொருள், கணக்குப் பதிவு, வரைபடப் பணிகளைச் செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்கள் இப்போது பல உள்ளன. சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகாமல் வீட்டில் இருந்தே வேலைக்குப் போய்வரலாம் என்பதால், பொறியியல் முடித்த நம் பிள்ளைகள் இவற்றில் விரும்பிச் சேர்கிறார்கள். வேலை அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெளிநாட்டு அலுவலர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதில்தான் தடுமாற்றம். அதைக் களைவதற்கென்று நகரத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்தும் இரண்டு நாள் பட்டறைக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு குழுவாகச் சென்றோம்.

முதல் நாள் முற்பகலில் நடந்த மின்னஞ்சல் பயிற்சி ஒன்றுக்கே கட்டணம் தகும் என்பேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை செவ்வாய்க்கிழமைதான் முடியும், இதை வாடிக்கையாளருக்கு எழுதுங்கள் என்றார் பயிற்சியாளர். எங்கள் குழுவில் ஒரு பெண் எழுதியதைத் திரையில் காட்டினார்கள். நலம் விசாரிப்பு, குழு எவ்வளவு பாடுபட்டது என்ற விவரம், சர்வர் நின்றுபோன கதை, இயன்றவரை முயல்கிறோம் என்ற உறுதி எல்லாம் முடிந்து, கடைசி வரியில்தான் ‘சற்றுத் தாமதம் ஆகக்கூடும்’ என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை என்ற பேச்சே இல்லை. பயிற்சியாளர் அந்தக் கடைசி வரியை முதலில் கொண்டுவந்து, ‘வேலை செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் கைக்கு வரும், முதல் இரண்டு பகுதிகளை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவோம்’ என்று திருத்தி, காரணத்தை ஒரே வரியில் கீழே வைத்தார்.

பின்பு அவர் தந்த விளக்கம்தான் முக்கியமானது. நம் ஊரில் பெரியவர் ஒருவரிடம் கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் போட்டு உடைப்பது மரியாதைக் குறைவு. சுற்றி வளைத்துச் சொன்னால் கேட்பவரே புரிந்துகொள்வார், இருவருக்கும் சங்கடம் இருக்காது. அந்தப் பக்கத்தில் இருப்பவரோ அந்தச் செய்தியை வைத்துத் தம்முடைய அடுத்த வாரத் திட்டத்தை மாற்ற வேண்டியவர். வேலை தாமதமானதை விட, அது தமக்கு நேரத்தோடு தெரிவிக்கப்படாததையே அவர் பெரிய குறையாக எடுத்துக்கொள்வார். எந்தப் பழக்கத்தையும் இழிவாகப் பேசாமல் இரண்டின் நியாயத்தையும் எடுத்து வைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூட்டத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டு நகராமல், செய்ய வேண்டிய வேலையையும் முடிக்கும் தேதியையும் நம் வாயால் திருப்பிச் சொல்லும் பயிற்சியும் அப்படியே. எங்கள் அலுவலகத்தில் இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறோம்.

மேலதிகாரியிடம் பழகும் முறை பற்றிய அமர்வு அந்தத் தரத்தில் இல்லை. மேலதிகாரிக்கும் கீழிருப்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டினர் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதைக் காட்டும், நெதர்லாந்து அறிஞர் கியர்ட் ஹாஃப்ஸ்டெட் வகுத்த ‘அதிகாரத் தொலைவு’ அளவீட்டைக் காட்டி, இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35 என்று எண்களை அடுக்கினார்கள். எண்கள் சரியானவைதான். ஆனால் அந்த ஆய்வு 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டிய விடைகளை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், அது நாட்டின் சராசரியைக் காட்டுமே தவிர எதிரில் இருக்கும் தனி மனிதரை அளக்காது என்பதையும் ஒரு சொல்லாவது சொல்லியிருக்க வேண்டும். ‘ஜெர்மானியர் இப்படித்தான்’ என்ற முடிவோடு ஒருவர் வெளியே வந்தால், பயிற்சி பெறாதவரை விட அவருக்கே சிக்கல் அதிகம்.

வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழையுங்கள் என்ற அறிவுரையும் இந்த அமர்வில்தான் வந்தது. சொல்வது எளிது, பள்ளிக்கூடத்திலிருந்து ‘சார்’, ‘மேடம்’ என்றே பழகிய குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஐம்பது வயது ஜெர்மானியரை வெறும் பெயரால் அழைக்க முடியாமல், கூட்டங்களில் எந்தப் பெயரையும் சொல்லாமலே பேச்சைத் தொடங்கிவிடுவாள். அவள் கூச்சத்துக்கு என்ன வழி என்று பட்டறை யோசிக்கவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மவர்கள் அப்பா பெயரை நிரப்புவதால், மகளுக்கு வரவேண்டிய பதில் ‘அன்புள்ள திரு.’ என்று அப்பா பெயரில் வருவதும் அன்றாடம் நடப்பது. அதைப் பற்றியும் பேச்சில்லை.

இரண்டாம் நாள் காணொளி வழியாக ஓய்வுபெற்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒருவர் பேசினார். தம் நாட்டில் வேலையைக் குறை சொல்வது ஆளைக் குறை சொல்வதாகாது என்றும், அமெரிக்க மேலாளர் முதலில் பாராட்டிவிட்டுத்தான் குறைக்கு வருவார் என்றும் அவர் விளக்கியபோதுதான், மேற்கு என்பது ஒரே ஊர் அல்ல என்பது பலருக்கும் உறைத்தது. கையேடோ எல்லாரையும் ‘மேலை நாட்டினர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது.

நேரம், தேதி பற்றிய பகுதி சுருக்கமானது, பயனுள்ளது. ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால் இடைப்பட்ட நாட்களில் கூட்ட நேரங்கள் குழம்பும். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஜெர்மானியர் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐநூறு.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, மாற வேண்டியவர்கள் நாம் மட்டுமே என்ற தொனி. ஆகஸ்டில் ஐரோப்பியர் நீண்ட விடுப்பில் போவார்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மாசியில் மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயில் கொடைவிழாவுக்கும் இந்த மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு என்பதை அந்தப் பக்கத்துக்குத் தெரிவிக்கும் ஒரு பக்கக் குறிப்பையாவது தயாரித்திருக்கலாம். உதாரணங்கள் அத்தனையும் மும்பை, டெல்லி அலுவலகங்களிலிருந்து வந்தவை. குமரியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதியதா என்ன? 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டி லனாய், பிறகு அதே திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து தளபதியாக உயர்ந்து, 1777-இல் இறக்கும் வரை இங்கேயே பணியாற்றினார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் தமிழும் லத்தீனும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் பணியாற்றியதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்?

ஒருவருக்குக் கட்டணம் 4,500 ரூபாய். மதியச் சாப்பாடும் தேநீரும் அதில் அடக்கம். விளக்கங்கள் தமிழிலும் பயிற்சிகள் ஆங்கிலத்திலும் நடப்பதால் பேசத் தயங்குபவர்களும் வாய் திறக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு உட்பட்டவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பல ஆண்டு பழகிய குழுத் தலைவர்களுக்கு முதல் நாள் மட்டும் போதும். வாடிக்கையாளர் தரப்பிலிருந்தும் ஓரிருவரைக் காணொளியில் உட்காரவைத்து ஒரு கூட்டு அமர்வு நடத்தும்படி நிலையத்தாரிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். அப்படி ஒன்று தொடங்கினால் எங்கள் செலவில் எங்கள் வாடிக்கையாளரையும் அதில் சேர்க்கத் தயாராக இருக்கிறோம்.