கோரிடோராஸ் வளர்ப்பும் இனப்பெருக்கமும்: எந்த மீன், எந்த மணல், எந்த வடிகட்டி?

தென் அமெரிக்காவைச் சேர்ந்த, தரையில் மேயும் சிறு கெளுத்தி மீனான கோரிடோராஸை (சுருக்கமாகக் கோரி) வளர்க்க விரும்புபவர்களில் பலர் முதலில் தொட்டியை அமைத்துவிட்டு, அதன் பிறகே எந்தக் கோரியை வாங்கலாம் என்று யோசிக்கிறார்கள். சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மணலையும் வடிகட்டியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் கோடையில் தொட்டி நீரை 30 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும் வெயிலை நாம் மாற்ற முடியாது. ஆகவே மீனிலிருந்தே தொடங்குகிறேன்.

கடைகளில் அதிகம் கிடைப்பவை ப்ரான்ஸ் கோரி, அதன் வெளிறிய வடிவமான அல்பினோ கோரி, பெப்பர் கோரி, பாண்டா கோரி, ஸ்டெர்பாய் கோரி ஆகியவை. விலை மலிவாக இருப்பதால் பெப்பர் கோரியைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். டார்வின் தமது பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து, 1842-இல் இயற்கையியலாளர் ஜெனின்ஸ் விவரித்த மீன் இது. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பகுதிகளின் மிதவெப்ப ஆறுகளே இதன் தாயகம் என்பதால் 18 முதல் 23 டிகிரி வரையிலான நீரில்தான் இது சுகமாக இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஹீட்டர் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகக்கூடிய இந்த மீன், சமவெளியின் மே மாதத்தில் தொட்டியின் மூலையில் ஒதுங்கி, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியபடி நாளைக் கழிக்கும். பெருவின் ஆண்டிஸ் அடிவார ஓடைகளிலிருந்து வந்த பாண்டா கோரிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். அதன் கறுப்புக் கண்பட்டையின் அழகில் மயங்கி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ப்ரான்ஸ் கோரி தென் அமெரிக்காவில் மிகப் பரவலாகக் காணப்படும் மீன் என்பதால் 21 முதல் 27 டிகிரி வரை எளிதில் ஒத்துப்போகும். சில வாரங்களுக்கு 29 டிகிரி நீடித்தாலும் நல்ல காற்றோட்டம் இருந்தால் தாங்கிக்கொள்ளும். பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்றைச் சேர்ந்த ஸ்டெர்பாய் இன்னும் வெப்பம் விரும்பி. 28 டிகிரி அதற்கு இயல்பான நீர். கரும்பழுப்பு உடலில் வெண்புள்ளிகளும் ஆரஞ்சு நிற முன்துடுப்பு முள்ளும் கொண்ட இந்த மீனின் விலை ப்ரான்ஸ் கோரியைப் போலப் பல மடங்கு இருக்கும், முட்டையிடவும் கூடுதலாகக் காக்க வைக்கும். முதன்முதலாக இனப்பெருக்கம் பார்க்க விரும்புபவருக்கு ப்ரான்ஸ் கோரி, மின்விசிறி வைத்தும் நீர் 30-ஐத் தொடும் மாடி வீட்டில் இருப்பவருக்கு ஸ்டெர்பாய், மலையூர்க்காரருக்குப் பெப்பர் கோரி என்பதே என் தேர்வு. 2024-இல் வெளியான வகைப்பாட்டு மறுஆய்வு இவற்றில் பலவற்றை கோரிடோராஸ் பேரினத்திலிருந்து பிரித்து, ப்ரான்ஸ் கோரியை ஆஸ்டியோகாஸ்டர் என்றும் பெப்பர் கோரியை ஹோப்ளிசோமா என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே புதிய பெயரில் ஒரு மீனைப் பார்த்தால் அது வேறு மீன் என்று எண்ணிவிட வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஆறு மீன்களுக்குக் குறையாமல் ஒரே வகையாக வாங்க வேண்டும். அவற்றுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி போதும். விளிம்பு வரை நிரப்பினால் அது ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். அதே கொள்ளளவில் உயரமான தொட்டியும் கிடைக்கும், ஆனால் தரையில் மேயும் மீனுக்கு உயரத்தால் பயனில்லை.

அடுத்தது தரை. கோரி இரை தேடுவதை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ள மாட்டார்கள். அது மூக்கைக் கண்மட்டம் வரை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளிச் சலித்து, இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதி மணலைச் செவுள் திறப்பின் வழியே இரு பக்கமும் புகைபோல வெளியேற்றும். பட்டாணி அளவுள்ள வண்ணக் கிராவலில் இது நடக்கவே நடக்காது. கற்களின் இடுக்கில் விழும் இரையை மீனால் எட்ட முடியாது. அது அங்கேயே அழுகும். கோரியின் வாயோர மீசை தேய்ந்து கரைவதற்குக் காரணம் கூர்மையான கல்லா, அழுக்குத் தரையில் பெருகும் பாக்டீரியாவா என்ற விவாதம் வளர்ப்பவர்களிடையே நீண்ட காலமாக உண்டு. என்னைக் கேட்டால் அழுக்கைத்தான் முதல் குற்றவாளி என்பேன். ஆனால் கிராவல் அந்த அழுக்குக்கு இடம் கொடுக்கிறது என்பதால், எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் தீர்ப்பு கிராவலுக்கு எதிராகத்தான் போகும்.

மணல் என்று முடிவு செய்த பிறகு எந்த மணல் என்ற கேள்வி வருகிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் இப்போது எளிதில் கிடைப்பது எம்-சாண்ட். அது பாறையை உடைத்துச் செய்யப்படுவது. அதன் துகள்கள் முனை மழுங்காதவை, கூடவே கல்மாவும் நிறைய இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் கோரித் தொட்டிக்கு அது ஆகாது. கடற்கரை மணல் உருண்டையாகவும் மென்மையாகவும் இருந்தாலும் அதில் கலந்துள்ள சிப்பித் தூள் மெதுவாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டு நுரை வருகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். பழைய ஆற்று மணல் கைவசம் இருந்தால் அதைச் சலித்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்களை மட்டும் எடுத்து, கழுவிய நீர் தெளியும் வரை அலசிப் பயன்படுத்தலாம். அது இல்லாதவர்களுக்கு, குடிநீர் வடிகட்டிச் சாதனங்களில் நிரப்புவதற்காக விற்கும் சிலிக்கா மணலே நல்ல மாற்று. வாங்கும்போது இரு விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்து, குத்தாததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் கனம் போதும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் கெட்டுப்போகும். மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தரை சுத்தம் செய்ய எளிது என்பதால் சில வணிக வளர்ப்பாளர்கள் அதையே வைத்திருக்கிறார்கள். முட்டையும் கிடைக்கும், ஆனால் சலித்து உண்பதற்கென்றே அமைந்த மீனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மணல் வந்துவிட்டால், தரைக்கு அடியில் பதிக்கும் அடித்தட்டு வடிகட்டி தானாகவே போட்டியிலிருந்து விலகுகிறது, ஏனென்றால் அதன் துளைகளை மணல் அடைத்துவிடும். மீதி இருப்பவை ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும், தொட்டி விளிம்பில் தொங்கவிடும் மோட்டார் வடிகட்டியும். இரண்டாவது நீரைத் தெளிவாக்குவதில் சிறந்தது. ஆனால் இன்றுதான் பொரித்த குஞ்சை உறிஞ்சிவிடும், மணல் துகள் உள்ளே போனால் மோட்டாரும் தேயும், மின்சாரம் போனால் நின்றுவிடும். ஸ்பாஞ்ச் வடிகட்டியையோ பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பில் இணைத்துவிடலாம். கோடையில் இது முக்கியம்: 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கோரி குடல் வழியாகவும் காற்றைச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் இதைச் சமாளிக்கும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது துணை வழியே தவிர, நீரில் கரைந்த ஆக்சிஜனுக்கு மாற்று அல்ல. கோடை இரவில் மின்வெட்டு வரக்கூடிய ஊரில் நான் ஸ்பாஞ்ச் பக்கமே நிற்பேன்.

இனி இனப்பெருக்கம். மேலிருந்து பார்த்தால் பெண் மீன் அகன்று உருண்டும் ஆண் மீன் ஒல்லியாகவும் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதம் நல்ல பலன் தருகிறது. ரத்தப்புழு போன்ற புரத இரையைச் சில வாரங்கள் கொடுத்துப் பெண்கள் முட்டை நிறைந்து பருத்ததும், மழை வந்ததாக அவற்றை நம்ப வைக்க வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, ஆர்ஓ நீரைக் குழாய் நீருடன் கலந்து, ஐஸ் கட்டிகள் நிரப்பி இறுக மூடிய பாட்டிலை அதில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி வரை குளிர வைத்து, மூன்றில் ஒரு பங்கை மாற்றுவது. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும் நாளுக்காகக் காத்திருந்து அன்று நீரை மாற்றுவது. முதல் வழியை எந்த மாதத்திலும் செய்யலாம், ஆனால் மே மாதத்தில் குளிர வைத்த நீர் சில மணி நேரத்திலேயே பழைய வெப்பத்துக்குத் திரும்பிவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் நீரின் வெப்பமும் காற்றழுத்தமும் சேர்ந்தே இறங்குவதால் இரண்டாவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். குழாய் நீர் எதுவானாலும் குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

முட்டையிடுதல் தொடங்கினால் உடனே அடையாளம் தெரியும். பெண் தன் வாயை ஆணின் வயிற்றுப் பக்கம் அழுத்த, இரண்டும் ஆங்கில T எழுத்தைப் போலக் குறுக்காக நிற்கும். ப்ரான்ஸ் கோரியில் பெண் விந்தணுவை விழுங்குகிறது என்றும், அது குடலைக் கடந்து வெளியேறி, இடுப்புத் துடுப்புகளுக்கு இடையில் ஏந்தியிருக்கும் முட்டைகளைச் சேர்கிறது என்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினார்கள். பிறகு பெண் ஒரு கண்ணாடிப் பரப்பையோ இலையையோ வாயால் துடைத்து, முட்டைகளை அங்கே ஒட்டிவிட்டு மறுபடியும் ஆணைத் தேடிப் போகும்.

முட்டைகளை அங்கேயே விட்டுவைத்தால் பெற்றோரே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அடர்ந்த ஜாவா பாசியில் சில குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும். ஒன்றிரண்டு போதும் என்பவருக்கு அதுவே உழைப்பில்லாத வழி. பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுவதும் உண்டு. ஆனால் நம்மூர்க் கெளுத்தியைப் போலவே கோரிக்கும் முன்துடுப்பில் முள் இருப்பதால் அது வலையில் சிக்கிக் காயப்படும்; மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிண்ணத்தில் முகந்து எடுங்கள். முட்டைகளை எடுப்பதே சிறந்தது என்பேன். இட்டவுடன் அவை மிகவும் மென்மையாக இருக்கும். சில மணி நேரம் கழித்து ஓடு இறுகியதும், விரல் நுனியால் கண்ணாடியிலிருந்து மெல்ல உருட்டி எடுத்தால் உடையாது. எடுத்தவற்றை அதே தொட்டியின் நீர் நிரப்பிய சிறு டப்பாவில், ஏர் ஸ்டோன் குமிழிகள் மெதுவாக உரசும்படி வைக்க வேண்டும். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் நிச்சயமான வழி, ஆனால் பொரிக்கும் நேரத்தில் அந்த நீரை மாற்றியாக வேண்டும். தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலையை ஊறவைத்து எடுத்த பழுப்பு நீர் சற்று வலுக் குறைந்தது, ஆனால் குஞ்சுகளுக்குத் தீங்கில்லாதது. முட்டை குறைவாக இருந்து, வெள்ளையாகிப் போனவற்றை ஒரு நாளில் இருமுறை பொறுக்கி எடுக்க முடிந்தால் இலையே போதும்.

26 டிகிரியில் மூன்று அல்லது நான்கு நாளில் பொரிந்து, மேலும் இரண்டு நாள் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருவைக் கொண்டே வாழும் குஞ்சுகளுக்கு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுக்கும் பழைய பழக்கம் இன்னும் தொடர்கிறது. சிறு டப்பாவில் அது நீரைக் கெடுக்கும் வேகத்தைப் பார்த்தால் அதை நான் பரிந்துரைக்க முடியாது. மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு அடியில் தங்கி நெடுநேரம் உயிரோடு இருப்பதால் தரையில் மேயும் குஞ்சுக்கு ஏற்றது. அதைவிடச் சத்துள்ள, உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற ஆர்ட்டீமியா நம் சமவெளி வெப்பத்தில் ஹீட்டர் இல்லாமலே ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும், ஆனால் நன்னீரில் சில மணி நேரத்தில் இறந்து அழுகத் தொடங்கும். ஆகவே காலையில் ஆர்ட்டீமியாவைக் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை மாலைக்குள் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பநிலையுள்ள நீரால் நிரப்பி, இரவுக்கு மைக்ரோ வார்ம் விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.