"எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு" என்றால் நம்பிவிடாதீர்கள், தாளைக் கேட்டு வாங்குங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் சுகர், பிரஷர், கிட்னி என்று தொடர்ந்து பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்குச் சர்க்கரையால் கிட்னியும் லேசாகப் பாதிப்பு. முன்பு கையில் ஒரு நோட்டு இருக்கும், டாக்டர் அதில் எழுதுவார். கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டு போனது, லேப் ரிசல்ட்டைக்கூட பிரிண்ட் தருவதில்லை, நம்பரைச் சொன்னால் வந்துவிடும் என்றார்கள். போன மாதம் நம்பரைச் சொன்னோம், அப்பத்தா புது நோயாளியாம்! சாப்ட்வேரை வெளிக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டிருக்கிறார்கள், அது முடிந்து வேறு கம்பெனி வந்துவிட்டது, பழைய டேட்டா வரவில்லை. புதுக் கம்பெனிப் பையன் "அது எங்க வேலை இல்லண்ணே" என்கிறான். ஆஸ்பத்திரியில் கேட்டால் மேலிடத்தைக் கை காட்டுகிறார்கள்.

டாக்டரைச் சொல்லிக் குற்றமில்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் அளவு இன்றைக்கு 1.8 என்றால், ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறதா, மூன்று மாதத்தில் ஏறியதா என்று பழைய அளவைப் பார்த்தால்தானே தெரியும்? சுகர் மாத்திரை மெட்ஃபார்மினைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதுகூட கிட்னி நிலவரத்தைப் பொறுத்தது.

வெளிக் கம்பெனிக்கு விடுவதே தப்பு என்று சொல்லவில்லை, ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் நம் செட்டியார்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில், வியாபாரம் செய்ய) போன காலத்தில், அங்கே கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவார், கணக்கு முதலாளியுடையது, அடுத்து வருகிறவர் அந்தக் கணக்கை ஏற்றுத்தான் தொடருவார். நம் ஊர்க்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்த இந்த ஏற்பாடு இந்தக் காண்ட்ராக்டில் இருந்ததா?

மத்திய அரசு தருகிற ஆபா (ABHA) என்ற சுகாதார அடையாள நம்பர் இருக்கிறதே, எல்லாம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். அந்த 14 இலக்க எண் நம் சம்மதத்தோடு பதிவுகளை இணைத்துக் காட்டும், அவ்வளவுதான். பதிவு, அது உருவான ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். அங்கே தொலைந்தால் நம்பர் என்ன செய்யும்?

டேட்டா யாருக்குச் சொந்தம், கம்பெனி மாறினால் யார் ஒப்படைக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். விண்ணப்பத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும், நீங்களும் கேளுங்கள்.

அதுவரை லேப் ரிசல்ட்டை விடாமல் கேட்டு வாங்குங்கள். பிரிண்டர் ரிப்பேர் என்றால் ஸ்கிரீனையாவது போட்டோ எடுங்கள், பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி.