முண்டு மிளகாய்க்கு நுண்ணுயிர் உரம்: ஐந்து வருடம் போட்டுப் பார்த்ததில்

ராமநாதபுரம் மாவட்டம் உப்பூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கோடையில் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஐப்பசி மழையை நம்பி முண்டு மிளகாய் விதைப்போம், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே ரகம். சத்துக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, நோய்த் தடுப்புக்குச் சூடோமோனாஸ் என்று மூன்று நுண்ணுயிர்களையும் ஐந்து வருடமாகப் போட்டு வருகிறேன்.

முதல் வருடம் ஒரு பலனும் தெரியவில்லை. நான் வாங்கிய பொட்டலங்கள் தகரக் கொட்டகை வெக்கையில் கிடந்தவை. அதையும் பூஞ்சாண மருந்து கலந்த விதையோடு புரட்டிவிட்டேன். உள்ளே இருப்பது உயிர். சூடு பட்டாலும் மருந்து பட்டாலும் செத்துப்போகும். இப்போது காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வீட்டில் தண்ணீர்ப் பானை இருக்கும் மூலையில் வைக்கிறேன்.

கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்துவிட்டு, அப்புறம் ஆறிய கஞ்சியில் அசோஸ்பைரில்லத்தைக் கரைத்துப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுவேன். நிலத்துக்கு ஏக்கருக்கு அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் 200 கிராம் பொட்டலம் நான்கு நான்கு, மக்கிய எருவில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூவுவேன். எங்கள் மண்ணில் போடும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு இறுகிக்கொள்ளும். பாஸ்போபாக்டீரியா சுரக்கும் அமிலம்தான் அதைக் கரைத்துக் கொடுக்கிறது. அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிப்பதோடு வேரைக் கிளைக்க வைக்கும் ஊக்கியையும் சுரக்கும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மூன்றாம் வருடம் மார்கழியில் மழை சட்டென்று நின்றுவிட்டது. வரப்போரம் ஒரு துண்டை எதுவும் போடாமல் விட்டிருந்தேன். அங்கே ஒரு செடி, இங்கே ஒரு செடி பிடுங்கிப் பார்த்தோம். சும்மா விட்டதில் ஆணிவேரும் நாலைந்து கிளையும்தான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மற்றதில் முடி முடியாகச் சல்லிவேர், உதறியும் மண் விடவில்லை. அம்மா கையில் வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்குடா" என்றார்.

யூரியாவை அடியோடு நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கால் பங்குதான் குறைந்தது. உப்பையும் இது எடுக்காது. அதற்கு வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

நான்காம் வருடம் எரு கிடைக்கவில்லை. சரி, பொட்டலம் போதும் என்று மணலில் கலந்து தூவினேன். செடி வெளுத்தே நின்றது. மண்ணில் மக்கு இல்லாவிட்டால் அந்த உயிர்கள் எதைத் தின்னும்? போன கோடையில் செம்மறிக் கிடை போட்டு, ராத்திரி ஆடுகளை நிலத்தில் அடைத்துப் புழுக்கை விழ வைத்த பிறகுதான் நிலம் மறுபடி நிறம் மாறியது. சித்திரையில் கடைசிப் பழம் பறித்ததும் ஐந்து ராத்திரி கிடை வேண்டும் என்று ஆடு மேய்க்கும் கீதாரியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.