பன்னாட்டுச் சங்க ஆவணங்கள் இணையத்தில்: வரலாறு படிக்கிறவர்களுக்குப் பெரிய கொடை

பி.ஏ. வரலாறு மாணவர்களுக்கு இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பாடம் எடுக்கிறேன். 1932 ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்கு அவர்கள் வாங்கும் நோட்ஸில் ஒரே வரிதான்: கூடினார்கள், தோற்றார்கள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் அந்த மாநாட்டைக் கூட்டிய பன்னாட்டுச் சங்கத்தின் (League of Nations, ஐ.நா.வுக்கு முன்பு இருந்த நாடுகளின் அமைப்பு) ஜெனீவா ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையைத் தயங்காமல் சொல்வேன்.

கட்டணம் கிடையாது. 2017 முதல் 2022 வரை உட்கார்ந்து ஸ்கேன் செய்து, ஒன்றரைக் கோடிக்கு நெருக்கமான பக்கங்களை ஏற்றியிருக்கிறார்கள். கோப்புகள் 1919–27, 1928–32, 1933–46 என மூன்று காலப் பிரிவுகளில் இருக்கின்றன. இந்த மாநாடு 1932 பிப்ரவரியில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளுக்கு இழுத்ததால் கடைசி இரண்டு பிரிவுகளையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சுச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள். சங்கத்தின் வேலை இரண்டு மொழிகளிலும் நடந்தது. போனில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம், பெரிய திரை வேண்டும்.

என்னை மணிக்கணக்கில் பிடித்து வைத்தது தாக்கும் ஆயுதம் எது, காக்கும் ஆயுதம் எது என்ற விவாதம். தாக்கும் ஆயுதங்களை மட்டும் ஒழிப்போம் என்று பேச்சு வந்ததும், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கையில் இருப்பது காக்கும் ஆயுதமாகத் தெரிந்தது. பிரிட்டன் நீர்மூழ்கிக் கப்பலை ஒழிக்கச் சொன்னது, தன் பெரும் போர்க்கப்பல்களை விட்டுக்கொடுக்கவில்லை. நீர்மூழ்கி எங்கள் தற்காப்பு என்றது பிரான்ஸ். முதல் உலகப் போரில் தோற்ற பிறகு கையெழுத்திட்ட வெர்சாய் உடன்படிக்கை தனக்கு மறுத்த டாங்க், நீர்மூழ்கி, போர் விமானம் எல்லாமே தாக்கும் ஆயுதங்கள்தான் என்றது ஜெர்மனி. நிபுணர் குழுக்கள் மாதக்கணக்கில் இதிலேயே கிடந்தன. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் பிப்ரவரி 6 அன்று பெண்கள் அமைப்புகள் நாடு நாடாகத் திரட்டிய 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை அதே மாநாட்டின் முன் வைத்திருந்தார்கள். அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்கள் பன்னாட்டுக் கழகம் அதில் முன்னால் நின்றது. மக்களுக்கு அக்கறை இல்லாததால் மாநாடு தோற்றது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பிப்ரவரி 2 அன்று தொடக்கக் கூட்டமே ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஷாங்காயில் ஜப்பான் குண்டு வீசிக்கொண்டிருந்தது. அதைப் பேச சங்கத்தின் கவுன்சில் அவசரமாகக் கூடியிருந்தது. தேர்வுக்குத் தேவையில்லாத தகவல்தான், ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தை ஆரம்பிப்பதில்லை.

தமிழில் எதுவும் இல்லை என்பது நம் மாணவர்களுக்குப் பெரிய தடை. ஆசிரியர்கள் முதலில் படித்துச் சில பக்கங்களைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். நான் மாநாட்டுத் தலைவர் ஆர்தர் ஹெண்டர்சனின் தொடக்க உரையைக் கொடுப்பேன், அடுத்து கடற்படைக் குழுவின் விவாதம், பிறகு 1933 அக்டோபரில் ஜெர்மனி மாநாட்டை விட்டு வெளியேறிய நாட்களின் தந்திகளும் கடிதங்களும். இந்த வரிசையில் படித்தால் முதலாண்டு மாணவருக்கும் புரியும்.