கேடிபியில் தமிழ் நூல்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

எழுதுபவரே பதிப்பாளராகவும் விற்பனையாளராகவும் இருந்து தொழில் நடத்தலாம் என்று நம்பும் மலேசியத் தோட்டப்புற எழுத்தாளர்களுக்கு, நூலை நாமே வெளியிட்டு விற்க உதவும் அமேசானின் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்) சேவையை ஒரு நிபந்தனையோடுதான் பரிந்துரைப்பேன். 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழுக்கு இடமளித்த பிறகு, நூலை ஏற்றக் கட்டணம் கேட்காத இச்சேவை, ஈப்போ அச்சகத்துக்கு முன்பணம் கட்டி, விற்காத கட்டுகளைக் கட்டிலடியில் தள்ளி, வெளியீட்டு விழாவுக்கு அன்பளிப்பு தரும் பிரமுகரைத் தேடும் பாட்டிலிருந்து நம்மை விடுவித்திருக்கிறது.

கோப்பைத் தயாரிப்பதற்குப் பொறுமை வேண்டும். யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டெழுதிய பழைய கதைகளை மாற்றும்போது, ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, இடையே புள்ளி வட்டம் முளைத்துவிடுவதுண்டு, முன்னோட்டத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

வருமானக் கணக்கையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடையில் 2.99 டாலருக்கு விற்கும் நூலுக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை என்றால் 2.09 டாலர்; அதில் கோப்பை அனுப்பும் சிறு கட்டணம் கழியும்; மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் 30 விழுக்காடு வரியும் பிடிக்கப்படும். ஆக, கைக்கு வருவது ஒன்றரை டாலர்கூட இல்லை. அதுவும் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வரும்.

நம் மின்னூல்களுக்குப் பெரிய சந்தையான இந்தியாவில் 70 விழுக்காடு பெற வேண்டுமானால், நூலைக் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால், 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. இங்கோ, வாட்ஸ்அப்பில் கேட்டு, டுவிட்நவ் என்ற மின்பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பத்து வெள்ளி (ரிங்கிட்) அனுப்பி, பிடிஎஃப் பெற்றுக்கொள்பவர்களே நம் முதல் வாசகர்கள்; அமேசானுக்கு மலேசியக் கடையே இல்லாதபோது, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கிண்டில் கணக்கு தொடங்கச் சொல்வது நடக்கிற காரியமா?

ஆகவே என் நிபந்தனை இதுதான்: செலக்டில் சேராமல், இந்திய விற்பனைக்கு 35 விழுக்காடே போதும் என்று ஏற்றுக்கொண்டு, உள்ளூர் விற்பனையை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில்தான் படிப்பேன் என்பவர்களுக்காகக் குறைந்த படிகளை உள்ளூரிலேயே அச்சிட வேண்டியிருக்கும். கேடிபியின் அச்சுப் பதிப்பு வசதி தமிழுக்கு இல்லை.