விபத்து இழப்பீடும் காப்பீட்டுக்குத் திருப்பிக் கட்டும் பணமும்: வரி எங்கே கடிக்கும்?

அமெரிக்காவில் கார் விபத்தில் கால் முறிந்த ஒருவருக்கு எதிர்த்தரப்பு 1,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். சிகிச்சைச் செலவை ஏற்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தன் 20,000 டாலரைத் திருப்பிக் கேட்கும். கையில் மிஞ்சுவது சுமார் 46,667.

இதற்கு வரி கிடையாது. உடற்காயத்துக்கான இழப்பீட்டை, இழந்த சம்பளத்துக்கான பகுதி உட்பட, வருமான வரிச் சட்டத்தின் 104(ஏ)(2) பிரிவு வருமானத்தில் சேர்ப்பதில்லை. காப்பீட்டுக்குப் போகும் பணமும் அதில் அடக்கம். வக்கீல் நேரே அனுப்பினாலும் நீங்களே செக் எழுதினாலும் வித்தியாசமில்லை. ‘அந்த 20,000-ஐ மருத்துவச் செலவாகக் காட்டி வரிக் கழிவு கேட்கலாமே’ என்று சிலர் கிளம்புவார்கள். வரியே படாத பணத்தில் கட்டிய கடனுக்கு மறுபடி ஒரு சலுகையா? கிடைக்காது.

இதே காயத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 60,000 டாலர் வருமானக்காரர் 2023-இல் கைக்காசு 15,000 செலவழித்தார். வருமானத்தில் 7.5 சதவீதமான 4,500 போக மீதி 10,500-ஐக் கழித்துக் கணக்குக் கொடுத்தார். 2025-இல் வரும் இழப்பீடு அந்தச் செலவையும் ஈடுகட்டினால், முன்பு வரியைக் குறைத்த அளவுக்கு அது வருமானமாகிவிடும். செலவுகளைத் தனித்தனியே காட்டாமல், சட்டம் தரும் நிலையான கழிவை எடுத்தவருக்கு இந்தக் கவலை இல்லை. காப்பீட்டு நிறுவனம் கட்டிய பில்லை நீங்கள் முதலிலேயே கழித்திருக்க முடியாது என்பதால், திருப்பிக் கொடுக்கும் தொகை இந்த வலையில் சிக்காது.

உடற்காயமே இல்லாத வழக்குதான் கொடுமை. அவதூறால் மன உளைச்சல் என்று வாங்கிய தொகையில், அந்த உளைச்சலுக்கான மருத்துவச் செலவு அளவுக்குத்தான் விலக்கு; மற்றது வருமானம். 2005-இல் உச்ச நீதிமன்றம் பேங்க்ஸ் வழக்கில் சொன்னபடி, வக்கீலின் பங்கும் உங்கள் வருமானமே. வேலையிடப் பாகுபாட்டு வழக்கு என்றால் அந்தக் கட்டணத்தைக் கழிக்கலாம். அவதூறு போன்ற சொந்த வழக்குகளில் 2018 முதல் அந்த வழி அடைபட்டது. 2025 வரிச் சட்டம் அந்த அடைப்பை நிரந்தரமாக்கிவிட்டது. கையில் வராத பணத்துக்கு வரி கட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தண்டனை இழப்பீடும் (தவறு செய்தவரைத் தண்டிக்க விதிக்கும் கூடுதல் தொகை) வட்டியும் உடற்காய வழக்கிலும் பொதுவாக வரிக்குரியவை. எந்தத் தொகை எதற்கு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உடற்காயக்காரர் வரியில் மிச்சம் தேடுவதைவிடக் காப்பீட்டு நிறுவனத்திடம் பேரம் பேசலாம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், வக்கீல் செலவின் விகிதத்துக்கேற்பத் தன் தொகையைக் குறைத்துக்கொள்ள விதியே இருக்கிறது. முதலாளியே நிதி போட்டு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றால் அதன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: வக்கீல் செலவைப் பற்றி அதில் பேச்சே இல்லையென்றால், திட்டமும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 மெக்கச்சன் தீர்ப்பு.